எண்பத்து மூன்று விதைகள்

தங்கச்சி புருஷனுக்குத் தராசு தர வேண்டிய பாக்கி அறுபத்தோராயிரத்து நானூறு. அறுபத்தோராயிரம் ஆஸ்பத்திரிக்குப் போனது. நானூறு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்த வாடகைக் காருக்குப் போனது. அந்த நானூறை மாப்பிள்ளை கணக்கில் வைக்கவே இல்லை. தராசுதான் வலியச் சேர்த்துச் சொன்னார். எடைமேடையில் இருபது வருஷம் நின்ற மனுஷன். ஒரு கிலோ பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

தராசு என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பேரில்லை. அவர் இருந்தது பழைய இரும்பை வாங்கி, நசுக்கி, உருக்காலைக்கு அனுப்புகிற யார்டில். லாரி உள்ளே வந்ததும் அதன் கூடவே நடந்துபோய், கோட்டில் நிறுத்தச் சொல்லி, எடையைச் சீட்டில் எழுதித் தருவது அவர் வேலை. அதனால் அந்தப் பேர். சம்பளப் பட்டியலில்கூட முதலாளி அப்படித்தான் எழுதுவார்.

பெண் கொடுத்த இடத்தில் கை நீட்டாதே என்பார்கள். தராசு நீட்டினார். நீட்டும்போது ஒரு பொய்யையும் சேர்த்து நீட்டினார்.

"என்ன ஆபரேஷன் மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டபோது, "குடலிறக்கம்" என்றார். இரும்பு தூக்குகிறவனுக்குக் குடல் இறங்குவது ஊரறிந்த சங்கதி. மாப்பிள்ளை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சொந்த லாரி ஓட்டுகிறவர், வண்டித் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

உண்மையில் வந்திருந்தது வேறு. ஒன்றுக்குப் போக ராத்திரிக்கு ஆறு தடவை எழுந்தார். சர்க்கரை என்றுதான் நினைத்தார். ரத்தம் எடுத்தார்கள், அப்புறம் ஊசியால் சதை எடுத்தார்கள். மூத்திரப் பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஆம்பிளைகளுக்கு மட்டும் ஒரு சுரப்பி உண்டாம். அதில் புற்று.

டாக்டர் நல்லவர்தான், ஆனால் வேகமாகப் பேசினார். "ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு, அறுத்து எடுத்துடலாம். இல்லன்னா விதை வைக்கலாம்."

தராசின் காதில் 'அறுத்து' என்பதும் 'விதை' என்பதும் விழுந்தன. நடுவில் இருந்த சொற்கள் விழவில்லை. "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தவர் பதினோரு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மனைவி குடைந்து குடைந்து கேட்டதில் சொல்லிவிட்டார். "விதையை அறுத்து எடுக்கணுமாம்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எடுத்தா எடுக்கட்டுமே. இனிமே அதை வெச்சுக்கிட்டு என்ன வெள்ளாமை பண்ணப் போறீங்க?"

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

"உசுரு பெருசா, அது பெருசா? எழுந்திரிங்க."

இழுத்துக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் நேராகவே கேட்டாள். நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காகிதங்கள் சிதறின. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினாள். உள்ளே அரிசி மணி அளவில் ஒரு துண்டுக் கம்பி.

"இதுதாங்க விதை. இது சும்மா மாதிரிக்கு வெச்சிருக்கிறது. உங்களுக்கு வைக்கிறதுல உள்ளே கதிர் இருக்கும்."

"விதைச்சாத்தானம்மா கதிர் வரும்? விதைக்குள்ளயே கதிரா?" என்று தராசும் சிரித்தார்.

"இது அந்தக் கதிர் இல்லைங்க. கண்ணுக்குத் தெரியாது, சூடு தெரியாது, வாசம் கிடையாது. உள்ளேயே இருந்து புற்றைச் சுட்டுக்கிட்டே இருக்கும்."

கண்ணுக்குத் தெரியாது என்றதும் தராசின் சிரிப்பு நின்றுவிட்டது. யார்டில் அவர் பயந்த ஒரே சாமான் அந்தக் கதிர் உள்ளதுதான்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே அவருடையதாக எதுவும் இல்லை. கால்களைத் தூக்கிக் கட்டினார்கள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே நீள ஊசிகளை உள்ளே செலுத்த, பக்கத்தில் ஒருவர் எண்ணிக்கொண்டே வந்தார். தராசும் கூடவே எண்ணினார். எண்பத்து நாலில் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா ஒரு அட்டையைக் கொடுத்தாள். "ஒரு வருஷத்துக்கு இதைச் சட்டைப் பையிலயே வெச்சிருங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இதோட வீரியம் பாதி பாதியாக் குறையும்."

"வாங்கின கடன் ரெண்டு மாசத்துல ரெட்டிக்கும். இது பாதியாகுதா? தேவலையே" என்றார் தராசு.

அவள் இந்த முறை சிரிக்கவில்லை. "முதல் ரெண்டு மாசம் சின்னப் பிள்ளைங்களை மடியில வைக்காதீங்க. பிள்ளைத்தாச்சிப் பொண்ணுங்க பக்கத்துல உட்காராதீங்க. ரெண்டு கை நீளம் தள்ளியே இருக்கணும். புரியுதா?"

"வீட்ல நாங்க ரெண்டு பேருதாம்மா" என்றாள் மனைவி. "எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"பார்த்தீங்களா, என்னைக் கிழவின்னு கணக்கு எடுத்துக்கிட்டாங்க."

ஒரு வாரத்துக்கு ஒன்றுக்குப் போவதைச் சல்லடையில் வடிகட்டிப் பார்க்க வேண்டும். எப்போதாவது ஒரு விதை நழுவி வெளியே வந்துவிடுமாம். நாலாம் நாள் காலையில் வந்தது. சல்லடை வலையில், நனைந்து, மினுமினுவென்று கிடந்தது. ஒரு அரிசி மணியைப் பார்த்துப் புருஷனும் பெண்டாட்டியும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அது ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் கிடந்ததுதான் பயமாக இருந்தது. கடைசியில் அவள்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்த இடுக்கியால் எடுத்து, அவர்கள் கொடுத்த ஈய டப்பாவில் போட்டு மூடினாள். மூடி இறுகிய பிறகும் இன்னொரு சுற்றுத் திருகினாள்.

"மிச்சம் எண்பத்து மூணு" என்றார்.

"அதை எண்ணிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள்.

டப்பாவை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தாள்.

விதை வைத்த பதினோராம் நாள் மதியம் மாப்பிள்ளையின் மகள் வந்து நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். ஐந்து மாத வயிறு. தராசின் தோளில் உட்கார்ந்தே வளர்ந்த பெண். கல்யாணமாகியும் அப்பன் வீட்டோடுதான் இருந்தாள். 'மாமாவுக்கு ஆபரேஷனாம்' என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வந்தவள் நாற்காலியை ஒதுக்கிவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்தாள்.

"தள்ளி உட்காரும்மா, புழுக்கமா இருக்கு" என்றார் தராசு.

"ஏன் மாமா, நான் வேண்டாதவளா ஆயிட்டேனா?"

அடுப்படியிலிருந்து மனைவி இருமினாள். மறுபடி இருமினாள். தராசுக்குப் புரியாமல் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், குடலிறக்கம் எங்கே, விதை எங்கே, ஏன் பொய் சொன்னாய் என்று கேள்வி ஒன்றன்பின் ஒன்றாக வரும். சங்கதி யார்டுக்குப் போகும். 'தராசுக்கு விதை போச்சாம்' என்று கிரேனில் உட்கார்ந்திருக்கிறவன் வரைக்கும் சிரிப்பான். அந்தக் கூச்சத்தில் நாக்கு எழவில்லை.

"மாமா, உதைக்குது பாருங்க" என்று அவர் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

உதைத்தது. தராசு கையை எடுத்துக்கொண்டார். மூன்று மணி நேரம் அவள் அங்கேயே, அவர் இடுப்பை ஒட்டி உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு மனைவி வந்து எதிரில் நின்றாள். ஏச்சு வரும் என்று தராசு காத்திருந்தார். அவள் போய்க் கட்டில் விரிப்பை உருவி, ஏதோ கறை பட்டதுபோல் கசக்கிக் கசக்கித் துவைத்தாள்.

இருபதாம் நாள் வேலைக்குப் போனார். மாப்பிள்ளைக்கு முதல் தவணையாகக் கொடுக்க நானூறை மடித்து, அட்டை இருந்த அதே பையில் வைத்துக்கொண்டார்.

யார்டின் பெரிய கேட்டில் இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பங்கள் உண்டு. ஆட்கள் அவற்றுக்கு நாய் என்று பேர் வைத்திருந்தார்கள். கதிர்வீச்சுள்ள சாமான் எதுவும் பழைய இரும்போடு சேர்ந்து உள்ளே வந்துவிடாமல் காவல் காக்கிற நாய். கண்ட லாரியையும் விட்டுவிடும். அந்தச் சாமான் இருந்தால் மட்டும் குரைக்கும். வேறொரு யார்டில் நாய் இல்லாத காலத்தில், ஒருவன் கனமான உருளை ஒன்றை வெட்டிப் பார்த்தான். மூன்றாம் வாரம் அவன் விரல்கள் கறுத்தன. ஆறாம் வாரம் ஆளே இல்லை. அதற்குப் பிறகுதான் எல்லா யார்டிலும் நாய் வந்தது. இங்கே வைத்த ஐந்து வருஷத்தில் அது ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை.

தராசு, ஆட்கள் போகிற சின்னக் கதவு வழியாக உள்ளே போனார். "வாய்யா, தையல் பிரிஞ்சிடாம நட" என்று தோளில் தட்டினான் வாட்ச்மேன். முதலாளியிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு எடைமேடைக்கு வரும்போது மணி பத்து. அப்போதுதான் மாப்பிள்ளையின் லாரி கேட்டுக்கு வந்தது. மூடிப்போன பட்டறை ஒன்றின் இயந்திரங்களை மொத்தமாக வாங்கி, கழற்றி, ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் இருந்தது, கடன் வாங்கியது எல்லாவற்றையும் அதில்தான் போட்டிருந்தார்.

"மச்சான்! நடமாட ஆரம்பிச்சாச்சா?" என்று மாப்பிள்ளை ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார். தராசு கையை ஆட்டிக்கொண்டே சின்னக் கதவு வழியாக வெளியே போய், எப்போதும் போல லாரியின் பின்கதவில் கை வைத்துக் கூடவே நடந்தார்.

கம்பங்களுக்கு நடுவில் வந்தபோது நாய் குரைத்தது.

கூவலா, அலறலா என்று சொல்ல முடியாத சத்தம். சிவப்பு விளக்கு சுழன்றது. இரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வெட்டுக் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். தராசும் ஓடினார். லாரியில்தான் ஏதோ இருக்கிறது என்று ஓடினார்.

முதலாளி படியிறங்கி வந்தார். "பின்னால எடு. மறுபடி வரச் சொல்லு." மூன்று தடவை பார்க்க வேண்டும் என்பது சட்டம். லாரி பின்னால் போனது. பின்னால் எடுக்க வழி காட்டியது தராசு. திரும்ப வரும்போது கூட நடந்தது தராசு. நாய் மறுபடி குரைத்தது.

"எல்லாரும் விலகுங்கய்யா! டிரைவர் மட்டும்!"

மூன்றாம் தடவை லாரி தனியாக வந்தது. நாய் வாயைத் திறக்கவில்லை.

தராசு அப்போது தூரத்துச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மூன்று தடவை. இரண்டில் அவர் இருந்தார், இரண்டிலும் சத்தம். ஒன்றில் இல்லை, சத்தம் இல்லை. எடை போட்டே வாழ்ந்தவருக்கு இதற்குமேல் கணக்கு வேண்டியதில்லை. அடிவயிற்றில் எண்பத்து மூன்றும் ஒரே நேரத்தில் கனத்ததுபோல் இருந்தது.

"மூணுல ரெண்டு கத்தியிருக்கு" என்றார் முதலாளி. "வண்டியை ஓரங்கட்டு. கதிர்வீச்சு ஆபீசுக்குப் போன் போடு. ஆய்வு முடியுற வரைக்கும் வண்டியும் இல்ல, சரக்கும் இல்ல."

"எத்தனை நாள் மொதலாளி?" என்றார் மாப்பிள்ளை.

"மாசமும் ஆகும். உன் வண்டி நம்பர் எல்லா யார்டுக்கும் போயிடும். நான் என்ன பண்ண?"

லாரியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மாப்பிள்ளை கயிற்றுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் அவரிடமிருந்தும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். தராசு கிட்டே போனார். பிறகு நினைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார்.

"வண்டி போனாப் போவுது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு நாளா இந்தச் சரக்கை வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் என் பொண்ணு படுத்திருக்கா. பிள்ளைத்தாச்சி. அந்த விரல் கறுத்தவனை நீங்களும் பார்த்தீங்கல்ல? நானே கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டேனே மச்சான்."

தராசின் வாய் திறந்தது. முதலாளியும், வாட்ச்மேனும், பத்துப் பதினைந்து ஆட்களும் அங்கே இருந்தார்கள். வாய் மூடிக்கொண்டது. ஆபீசர் வந்து லாரியைப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும், தானாகவே விட்டுவிடுவார்கள் என்று மனசு ஒரு வழி சொன்னது. ஆனால் மாப்பிள்ளை தலையில் கை வைத்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தை நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது தராசின் சட்டைப் பையில் இருந்தது.

ஆபீசர் அம்மா இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். கையில் ஒரு கருவி. அது மெதுவாக, தண்ணீர் சொட்டுகிற மாதிரி டிக், டிக் என்றது. அவள் கயிற்றைத் தாண்டி லாரியின் முன்பக்கம் போய் நின்றபோது தராசு நடந்தார்.

"அம்மா. நாய் லாரியைப் பார்த்துக் குரைக்கல. என்னைப் பார்த்துத்தான் குரைச்சுது."

"யாருங்க நீங்க?"

அட்டையை நீட்டினார். அவள் படித்துவிட்டு, கருவியை அவர் இடுப்புக்கு நேராகக் கொண்டுவந்தாள். சொட்டிக்கொண்டிருந்தது கொட்டியது. தகரத்தில் மழை விழுகிற சத்தம். நின்றிருந்த ஆட்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, ஒரே அடியாகப் பின்னால் போனார்கள். வாட்ச்மேன் காலையில் தராசின் தோளைத் தொட்ட கையைப் பேன்டில் துடைத்தான்.

"பயப்படாதீங்க" என்றாள் ஆபீசர் அம்மா எல்லாரையும் பார்த்து. "இவருக்குப் புற்றுநோய்க்கு உள்ளேயே விதை வெச்சிருக்காங்க. வெளியே வர்றது ரொம்பக் கம்மி. பக்கத்துல நின்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உங்க கம்பம் ரொம்ப நுணுக்கமானது, அதான் கத்துச்சு." பிறகு லாரியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். டிக், டிக். அவ்வளவுதான். "வண்டி சுத்தம். விட்டுடலாம்."

மாப்பிள்ளை எழுந்தார். கண்ணைத் துடைத்தார். ஒரு விநாடி அவர் முகம் தெளிந்ததைத் தராசு பார்த்தார். அந்த ஒரு விநாடிதான்.

"விதையா?" என்றார். "குடலிறக்கம்னு சொன்னீங்க."

"வெக்கமா இருந்துச்சு மாப்ள."

"எப்ப வெச்சாங்க?"

"இன்னையோட இருபது நாள்."

மாப்பிள்ளை விரல் மடக்குவதைத் தராசு பார்த்துக்கொண்டிருந்தார். நாள் கணக்கு மடங்கிக்கொண்டே வந்து ஒரு விரலில் நின்றது.

"என் பொண்ணு உங்களைப் பார்க்க வந்தாளே. எவ்வளவு நேரம் இருந்தா?"

ஆபீசர் அம்மாவின் கையில் கருவி டிக், டிக் என்றது.

"மூணு மணி நேரம்."

"எங்க உட்கார்ந்தா?"

"கட்டில்ல. பக்கத்துல."

"பிள்ளைத்தாச்சி பக்கத்துல வரக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லியிருந்தாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க மாப்ள."

மாப்பிள்ளை ஆபீசர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, மூணு மணி நேரம்."

அவள் அட்டையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒரு நாள், ஒரு மதியம்தானே. பயப்பட வேண்டியதில்லைங்க. ஆனா பிரசவம் பார்க்கிற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

முன்னால் சொன்னது எதுவும் மாப்பிள்ளையின் காதில் ஏறவில்லை. அந்த 'ஆனா' மட்டும் ஏறியது. அது அவர் முகத்தில் ஏறுவதைத் தராசு நின்று பார்த்தார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "தராசு, நீ வீட்டுக்குப் போ. ஒரு வருஷம் கழிச்சு வா, பார்க்கலாம்." ஒரு வருஷம் கழித்து என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அது தராசுக்குப் பெரிதாகப் படவில்லை. வேலை போகும் என்று அட்டையை எடுக்கும்போதே தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மாப்பிள்ளையின் கையை. அது லாரிக் கதவின் பிடியில் இருந்தது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த நானூறை எடுத்தார். "மாப்ள. முதல் தவணை. மிச்சத்தை எப்படியாவது..."

மாப்பிள்ளை பின்னால் நகர்ந்தார். லாரிக் கதவில் முதுகு இடிக்கும் வரைக்கும் நகர்ந்தார். நோட்டைப் பார்த்தார், அது வந்த பையைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம். வெச்சுக்கங்க."

"வாங்கின காசு மாப்ள. பாக்கி அறுபத்தோராயிரத்து..."

"எனக்கு எதுவும் வேணாம். மொத்தத்தையும் வெச்சுக்கங்க. பாக்கி கிடையாது." இத்தனை வருஷம் மச்சான் என்று மட்டுமே கூப்பிட்ட வாய், கொஞ்சம் தேடியது. "தராசு, உங்க தங்கச்சி வந்து கூப்பிட்டாலும் நீங்க எங்க வீட்டுப் பக்கம் வரக் கூடாது. பிள்ளை பிறந்து, அதுக்குக் கை கால் கண்ணு எல்லாம் இருக்கான்னு நான் பார்க்கணும். அதுக்கப்புறமும் வராதீங்க."

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். லாரி எடைமேடையில் ஏறிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. நிறுத்தச் சொல்லக் கூட நடந்தவர் யாருமில்லை. மாப்பிள்ளை முன்பக்கத்தில் எங்கோ வைத்திருந்த சின்னக் கடன் கணக்குப் புத்தகத்தை எடுத்து, ஸ்டியரிங்கில் வைத்து, பேனாவால் ஒரு வரியை அடிப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. ஒரு தடவை அடித்தார். போதாதென்று மறுபடி அடித்தார். காகிதம் கிழிகிற வரைக்கும் அடித்தார்.